அங்கீகரிக்கப்பட்ட வாளி

மனிதன் நெருப்பை மூட்டியது எந்தக் கிழமை என்று யாருக்கும் தெரியாது. சக்கரத்தை உருட்டிய தேதியும் குறித்து வைக்கப்படவில்லை. அந்த வரிசையில் மூன்றாவதாக வைக்கத் தகுந்த சம்பவத்துக்கு மட்டும் நாளும் நேரமும் தெளிவாக இருக்கின்றன. எண்பத்து மூன்றாம் வருஷம், வைகாசி மாதத்துப் புதன்கிழமை காலை, மதுரைக்கு மேற்கே கோச்சடையில், இரண்டு தெருப் பெரிய மனிதர்கள் எதிரெதிரே நின்று, ஒருவரையொருவர் முறைத்தபடி, ஒரு வாளியை வாளி என்று ஒப்புக்கொண்டார்கள்.

இந்த ஒப்புதலுக்கு அவர்கள் வந்து சேர்ந்த பாதை கரடுமுரடானது.

அந்த வருஷம் வைகையில் மணல்தான் ஓடியது, அதுவும் லாரியில். கிணறுகளில் கயிறு போதவில்லை. கயிற்றை நீட்டினால் தண்ணீர் போதவில்லை. ஆற்றில் ஊற்றுத் தோண்டினால் வந்த நீரில் சாக்கடை வாடை அடித்தது. ஆகவே ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் லாரி வந்தது. வடக்குத் தெருவும் தெற்குத் தெருவும் சேருகிற முக்கில் நின்றது. இரண்டு தெருப் பெண்களும் குடங்களோடு மோதிக்கொண்டார்கள். குடங்கள் நசுங்கின, வசவுகள் நசுங்காமல் போய்ச் சேர்ந்தன. லாரி ஏன் சரியாக அந்த முக்கில் நிற்கிறது என்று யாரும் கேட்டதில்லை. சூரியன் ஏன் கிழக்கே உதிக்கிறது என்று கேட்கிறோமா என்ன.

வடக்குத் தெருவில் தனிஸ்லாஸ் சார் இருந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருஷம் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது பள்ளிக்கூடத்துக்குத்தான் தெரியும், அவருக்குத் தெரியாது. தெருவில் யார் பேசினாலும் கடைசியில் "ஆகவே?" என்பார். 'வடபுறக் குடிநீர்ப் பாதுகாப்புப் பேரவை' என்று ஒன்றை ஆரம்பித்துத் தானே தலைவரானார். செயலாளர், பள்ளிக்கூட கிளார்க் ஆரோக்கியநாதன். பேரவை கூடுகிற நாளில் உறுப்பினர்கள் இரண்டு பேரும் வந்துவிடுவார்கள்.

தெற்குத் தெருவில் நல்லகாமன். சோழவந்தான் கொடிக்காலிலிருந்து வெற்றிலை வந்து இறங்குகிற மண்டி வைத்திருந்தார். தோளில் இரண்டு துண்டு போடுவார். ஒன்று துடைக்க, ஒன்று மரியாதைக்கு. பேரவை தொடங்கிய மறுநாளே அவர் 'தென்புறத் தண்ணீர் உரிமைச் சங்கம்' தொடங்கினார். அதில் அவரும், மச்சினன் உக்கிரபாண்டியும், அன்று மண்டிக்கு வந்தவர்களும் உறுப்பினர்கள்.

பேரவை ஒரு சிமெண்டுத் தொட்டி கட்டியது. வட்டத் தொட்டி. வட்டத்துக்குத்தான் கொள்ளளவு அதிகம் என்று தனிஸ்லாஸ் சார் கரும்பலகை இல்லாத குறைக்குச் சுவரில் எழுதிக் காட்டினார். சங்கம் சதுரத் தொட்டி கட்டியது. தண்ணீர் மூலையில் தங்கும், வட்டத்தில் மூலை ஏது என்று நல்லகாமன் கேட்டார். இரண்டையும் கட்டிய கொத்தனார் ஒரே ஆள்தான். சிமெண்டு தட்டுப்பாட்டுக் காலம். அவர் இரண்டு பேரிடமும் ஒரே நியாயத்தோடு நடந்துகொண்டார்.

இனி லாரி எந்தத் தொட்டிக்கு வருவது என்கிற கேள்வியோடு இரண்டு தலைவர்களும் தண்ணீர் ஆபீஸுக்குத் தனித்தனியாகப் போய், ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அதிகாரிக்குச் சாப்பாட்டு நேரம்.

"எந்தத் தொட்டி பெருசோ அங்க நிப்பாட்டச் சொல்லிருவோம். அளந்துட்டு வந்து சொல்லுங்க. வெள்ளிக்கிழமை நானே வந்து பாக்குறேன்" என்றார். இருவரும் வெளியே போக வேண்டும் என்பதைத் தவிர அந்த வாக்கியத்தில் வேறு பொருள் இல்லை. இருவரும் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

ஆக, புதன்கிழமை லாரி வந்ததும் அந்தத் தண்ணீரை வாளி வாளியாக இரண்டு தொட்டியிலும் ஊற்றி, எது அதிக வாளி கொள்கிறதோ அது பெரிது என்று முடிவு செய்வதாக ஏற்பாடு. அதுவரைக்கும் யாரும் குடத்தோடு லாரிப் பக்கம் வரக் கூடாது. தண்ணீருக்காக நடக்கிற காரியத்தில் தண்ணீர் பிடிப்பவர்கள் குறுக்கே வந்தால் எப்படி?

முதல் தகராறு வாளியில் வந்தது.

தனிஸ்லாஸ் சார் நீல பிளாஸ்டிக் வாளி கொண்டுவந்தார். நல்லகாமன் அதை ஒரு விரலால் தட்டிப் பார்த்தார்.

"பிளாஸ்டிக்கு வெயில்ல வீங்கும் வாத்தியாரே. காலைல ஒரு அளவு, மத்தியானம் ஒரு அளவு. இத வச்சு எங்கள அளக்காதீக."

அவர் கொண்டுவந்தது பித்தளை வாளி. கல்யாணச் சீர்.

"இது வாளி இல்லை, மிஸ்டர் நல்லகாமன். இது ஒரு குடும்பப் பெருமை. அடியில் எவ்வளவு ஈயம் பூசியிருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? ஆகவே?"

"ஆகவே என்ன ஆகவே. எங்க மாமனார் குடுத்த வாளில களவாணித்தனம் இருக்குங்கிறீகளா?"

"வாளியைத்தான் சொன்னேன். மாமனாரை நீங்கள் இழுக்கிறீர்கள்."

உக்கிரபாண்டி வேட்டியை மடித்துக் கட்டினான். ஆரோக்கியநாதன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். இருவரும் அடிக்கப்போவதில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஆனாலும் ஒரு முறை இருக்கிறதல்லவா.

அப்போதுதான் எல்லோர் கண்ணும் முக்கில் இருந்த இட்லிக் கடை மேல் விழுந்தது. கடை அன்னக்கொடியுடையது. ஓலைச் சாய்ப்பு, ஒரு பெஞ்சு, கல் ஆட்டுரல். வாசலில் தட்டுக் கழுவுகிற தகர வாளி. அது எந்தத் தெருவையும் சேர்ந்ததில்லை. அன்னக்கொடியும் அப்படித்தான். இரண்டு தெருவையும் சமமாக ஏசுகிறவள். நடுநிலைமைக்கு அதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

"எம் வாளியா?" என்றாள். "தாரேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. அளந்து முடிச்ச கையோட எனக்கு நாலு வாளி தண்ணி ஊத்திரணும். அண்டாவுல இருக்கிறது நாளைக்கு மட்டுந்தான் காணும். அரிசி ஊறப்போடணும், உளுந்து ஆட்டணும், இட்லிக் கொப்பரைக்கு வேணும். வெள்ளிக்கெழம அடுப்பு எரியலேன்னு வைங்க, இடத்துக்காரர் அன்னைக்கே சைக்கிள்கடைக்காரனக் கொண்டாந்து குடிவச்சிருவாரு. அவரு அதுக்குன்னே நாள் பாத்துக்கிட்டு இருக்காரு."

"நாலு வாளிதானத்தா" என்றார் நல்லகாமன், மரியாதைத் துண்டைச் சரிசெய்தபடி.

"பேரவை உறுதியளிக்கிறது" என்றார் தனிஸ்லாஸ் சார்.

வாளியைத் தவிர, இரண்டு பக்கமும் ஒரே விஷயத்தை ஒப்புக்கொண்டது அன்றைக்கு அந்த ஒரு தடவைதான். அன்னக்கொடிக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"இன்னொண்ணு. அடியில ஊசி ஓட்டை இருக்கு. தார் வச்சு அடைச்சிருக்கேன். லேசாச் சொட்டும்."

"புறக்கணிக்கத்தக்கது" என்றார் தனிஸ்லாஸ் சார். கணக்கு வாத்தியார்கள் கண்டுபிடித்த சொற்களில் இதைப்போலப் பயனுள்ளது வேறில்லை.

வாளியை மட்டும் ஒப்புக்கொண்டால் போதாது, அதன் கொள்ளளவு தெரிய வேண்டும் என்று அவர் அடுத்தபடியாகச் சொன்னார். எத்தனை வாளி என்று எண்ணினால் போதுமே என்று உக்கிரபாண்டி கேட்டது அவர் காதில் விழவில்லை. மனைவியின் தையல் டேப்பைக் கொண்டுவந்து வாய் அகலம், அடி அகலம், உயரம் எடுத்தார். லாரி டிரைவர் சுருளி கடைப் பெஞ்சில் உட்கார்ந்து முதல் ஈடு நாலு இட்லியைப் பிட்டுக்கொண்டிருந்தான். சார் மண்டியிட்டு, தெரு மண்ணில் குச்சியால் எழுதினார்.

"மேல் விட்டம், கீழ் விட்டம், இரண்டின் வர்க்கம், பெருக்குத்தொகை. இவற்றின் கூடுதலைப் பையால் பெருக்க வேண்டும்."

"எந்தப் பையி?" என்றார் நல்லகாமன். "மஞ்சப்பையா?"

தெற்குத் தெரு முழுவதும் சிரித்தது. வடக்குத் தெருவிலும் இரண்டொரு பேர் சிரித்துவிட்டு, சாரைப் பார்த்ததும் இருமினார்கள்.

"பை என்பது ஒரு மாறிலி, மிஸ்டர் நல்லகாமன். உலகத்தில் எங்கே போனாலும் மாறாது."

"எங்க மண்டிக்கு வர்ற பையி அம்புட்டும் ஒரே அளவுல வராது. அதுதான் கேட்டேன்."

பதிமூன்று லிட்டர் நானூற்று முப்பது மில்லி என்று விடை வந்தது. சார் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டியபோது, வாளியின் விலாவில் இருந்த நசுங்கலை உக்கிரபாண்டி காட்டினான். அதைக் கழிக்க வேண்டுமா இல்லையா? கழிக்க வேண்டும். எவ்வளவு? ஒரு எலுமிச்சம்பழம் அளவு என்றார் சார். சாத்துக்குடி அளவு என்றார் நல்லகாமன். சாத்துக்குடி என்றால் யாருக்கு லாபம் என்று இருவருக்குமே தெரியாது. ஆனால் எலுமிச்சம்பழத்துக்கு ஒப்புக்கொள்வது தோல்வி. ஆரோக்கியநாதன் வீட்டுக்கு ஓடிப்போய் நிஜமாகவே ஒரு எலுமிச்சம்பழம் கொண்டுவந்து நசுங்கலில் வைத்துப் பார்த்தார். பொருந்தவில்லை. நசுங்கல் நீளவாக்கில் இருந்தது.

"அந்தப் பழத்தக் குடுத்துட்டுப் போங்க, ஊறுகாய்க்காவது ஆகும்" என்றாள் அன்னக்கொடி. "டிரைவரு கெளம்பிருவாரு. அளக்கப் போறீகளா, இல்ல வாளிக்கு நிச்சயதார்த்தம் பண்ணப் போறீகளா?"

நசுங்கலும் புறக்கணிக்கப்பட்டது.

முதலில் தெற்குத் தொட்டி. லாரிக் குழாயின் வாயில் இரண்டு தெருவுக்கும் ஒவ்வொரு ஆள் காவல். வாளியைத் தூக்க ஒருவன், வழியில் கையால் அள்ளி விடாமல் பார்க்க எதிர்த்தெரு ஆள் ஒருவன், அவன் பார்க்கிறானா என்று பார்க்க இன்னொருவன். நடுவில் குடத்தோடு நின்ற பெண்களைப் போகச் சொன்னார்கள். அவர்கள் போகவில்லை, வாசலில் குடத்தைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டு இரண்டு தலைவர்களின் பரம்பரையையும் மேலிருந்து கீழாக விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.

எண்ணுகிற பொறுப்பு உக்கிரபாண்டிக்கு. அவன் மச்சானுடைய மண்டிக்கு வருமுன் நெல் மண்டியில் படி போட்டவன். முதல் வாளி தொட்டியில் விழுந்ததும் தொண்டையைத் திறந்து ராகமாகச் சொன்னான்:

"லாபம்..."

அடுத்த வாளிக்கு "ரெண்டு...". அதற்கடுத்து "மூணு...". நெல் அளக்கிறவன் யாரும் ஒன்று என்று தொடங்கமாட்டான்; லாபம் என்றுதான் தொடங்குவான். ஒற்றையாக நிற்பது தரித்திரம் என்பது எண்ணம். தெற்குத் தெருக்காரர்களுக்கு இது காதில் விழுந்ததாகவே தெரியவில்லை, அவ்வளவு பழக்கம். தனிஸ்லாஸ் சார் காதில் விழுந்தது. அவர் உடனே ஒன்றும் சொல்லவில்லை. வகுப்பில் பையன் முதல் வரியிலேயே தப்புப் போட்டால் கடைசி வரி வரைக்கும் போடவிட்டு, பிறகு காதைத் திருகுவது அவர் வழக்கம்.

வாளி போன வழியில் தெரு மண்ணில் ஈரக் கோடு விழுந்தது. தொட்டி எட்டத்தில் இருந்ததால் கோடு நீளமாக இருந்தது. போகப்போகக் கோடு தடித்தது, தார் இளகிக்கொண்டிருந்தது. யாரும் கீழே பார்க்கவில்லை. எல்லோரும் உக்கிரபாண்டியின் வாயைப் பார்த்தார்கள்.

"...அறுபத்தொண்ணு... அறுபத்திரெண்டு." தொட்டி ததும்பிற்று.

அடுத்தது வடக்குத் தொட்டி. ஆரோக்கியநாதன் எண்ணினார். ஜெபமாலை சொல்கிற பழக்கத்தில் கணக்குத் தவறாது. ஒன்று என்று தொடங்கி, அறுபத்திரண்டாவது வாளியில் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. அறுபத்து மூன்றாவது வாளியைக் கொண்டுவந்து சாய்த்தபோது கால்வாசிகூட ஏறவில்லை, வழிந்துவிட்டது. முக்கால் வாளி மிச்சம் கையில் நின்றது.

அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு. சமமாக இருப்பதைப் போன்ற அவமானத்தை இரண்டு தெருவும் இதுவரை கண்டதில்லை.

தனிஸ்லாஸ் சார் முன்னால் வந்தார்.

"சமம் இல்லை. தெற்குத் தொட்டி அறுபத்தொன்று. உங்கள் ஆள் எண்ணியது: லாபம், இரண்டு, மூன்று. ஒன்று எங்கே?"

"லாபந்தாங்க ஒண்ணு" என்றான் உக்கிரபாண்டி.

"லாபம் எண் அல்ல. எண்களின் வரிசையில் அது இல்லை. ஒன்றைச் சொல்லாமல் இரண்டு சொல்ல முடியாது. சொன்னால், ஒரு வாளி ஊற்றாமலே எண்ணப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஆகவே?"

நல்லகாமன் துடைக்கிற துண்டைக் கீழே போட்டார். மரியாதைத் துண்டு மட்டும் தோளில் இருந்தது.

"வாத்தியாரே, எங்க பாட்டன் காலத்துலருந்து லாபம்னுதான் எண்ணுறோம். உங்க சம்பளத்துக்கு வந்த அரிசியும் அப்பிடி அளந்ததுதான். அப்ப எல்லாம் ஒரு படி கொறைச்சா தின்னீக?"

"இருக்கலாம். அதனால்தான் நான் இளைத்திருக்கிறேன்."

நல்லகாமன் மச்சினன் பக்கம் திரும்பினார். "மாப்ள, நீ லாபம்னு எண்ணுனது நெறை வாளியாடா?"

"நெறைஞ்சு வழியத்தான் ஊத்துனாக மச்சான். லாபத்துல கொறை வச்சு ஊத்துவாகளா?"

"கேட்டுக்கிட்டீகள்ல. லாபம்னா ஒண்ணுக்கும் மேல. அப்படின்னா எங்களுது அறுபத்திரெண்டு சொச்சம். உங்களுது வெறும் அறுபத்திரெண்டு."

"எங்களுடையது அறுபத்திரண்டேகால். கையில் முக்கால் வாளி இருக்கிறது, பாருங்கள்."

"அந்தக் காலு வாளி கீழ சாக்கடைல போச்சு. தொட்டிக்குள்ளயா போச்சு?"

"விளிம்புக்கு மேலே ஒரு மயிரிழை நிற்கும் தண்ணீர் மேற்பரப்பு இழுவிசையால்..."

"இந்தா, இழுக்குற வேலையெல்லாம் வச்சுக்கிறாதீக."

இந்த இடத்தில் அன்னக்கொடி வந்து, தன் வாளியின் கைப்பிடியைப் பிடித்தாள். வாளி ஆரோக்கியநாதன் கையில், முக்கால் தண்ணீரோடு, சொட்டிக்கொண்டு இருந்தது.

"அளந்தாச்சுல்ல. இத மொதல்ல எனக்குக் குடுங்க. பெறகு லாரில மூணு வாளி பிடிச்சுக்கிறேன். சொன்ன சொல்லு நாலு."

"அதைத் தொடாதே" என்றார் தனிஸ்லாஸ் சார். "அது சான்று. அதிகாரி வெள்ளிக்கிழமை வந்து பார்க்கும்வரை அந்த முக்கால் வாளி அப்படியே இருக்க வேண்டும்."

"ஓட்டை வாளிலயா சார்? வெள்ளிக்கெழம வரைக்குமா?"

"குடுக்காதீக கிளார்க்கு" என்றார் நல்லகாமன், வேறு காரணத்துக்காக. "தண்ணி அவகிட்டப் போச்சுன்னா, அரை வாளிதான் மிச்சம்னு நாளைக்கு வாத்தியாரு கதை மாத்துவாரு. மாப்ள, வாங்குடா வாளிய."

உக்கிரபாண்டி ஒரு பக்கம் பிடித்தான். ஆரோக்கியநாதன் விடவில்லை. அன்னக்கொடி கைப்பிடியை விடவில்லை. மூன்று பேர் பிடித்த வாளி நாலாவது பக்கமாகச் சாய்ந்தது. முக்கால் வாளித் தண்ணீரும் தனிஸ்லாஸ் சார் மண்ணில் எழுதி வைத்திருந்த பையின் மேல் விழுந்து, ஒரு நொடியில் உள்ளே போய்விட்டது.

"ஆச்சா" என்றாள் அன்னக்கொடி. "இப்ப யாரு தொட்டி பெருசு?"

லாரி கிளம்புகிற சத்தம் கேட்டது. சுருளிக்குப் பக்கத்து விராட்டிபத்தில் அடுத்த முறை. குழாய் மூடியாகிவிட்டது. "நேரமாச்சுக்கா, அவுக அளக்குறதுக்குள்ள எனக்குப் பொழுது போயிரும். நாளை கழிச்சு வாரேன்" என்று கத்திவிட்டுப் போய்விட்டான். குடங்கள் கவிழ்த்த வாக்கிலேயே வீட்டுக்குத் திரும்பின. அன்றைக்கு இரண்டு தெருவிலும் ஒரு வீட்டுக்கும் ஒரு செம்புத் தண்ணீர் போகவில்லை. ஆனால் அளவு துல்லியமாகத் தெரிந்திருந்தது. தொட்டிக்கு எண்ணூற்று முப்பத்திரண்டு லிட்டர் அறுநூற்று அறுபது மில்லி. லாபத்தைச் சேர்த்தால்.

சமமா இல்லையா என்பதை அதிகாரிதான் சொல்ல வேண்டும். அதுவரைக்கும் இரண்டு தொட்டியிலும் ஒரு சொட்டுக் குறையக் கூடாது. ஆகவே சீல் வைத்தார்கள். வடக்குத் தொட்டியின் மூடிக்குத் தெற்குத் தெரு சீல் வைத்தது: நல்லகாமன் வெற்றிலைக் கட்டுக் கட்டுகிற வாழை நாரைக் குறுக்கும் நெடுக்கும் கட்டி, முடிச்சில் சாணியைப் பூசினார். தெற்குத் தொட்டிக்கு வடக்குத் தெரு சீல் வைத்தது: தனிஸ்லாஸ் சார் அரக்கை உருக்கி ஊற்றி, தன் கல்யாண மோதிரத்தால் அமுக்கினார். வியாழன் முழுவதும் வடக்குத் தெருப் பையன்கள் தெற்குத் தொட்டிக்கும், தெற்குத் தெருப் பையன்கள் வடக்குத் தொட்டிக்கும் காவல் இருந்தார்கள். தாகம் எடுத்தவர்கள் பெட்டிக்கடையில் கலர் சோடா வாங்கிக் குடித்தார்கள்.

வியாழன் மத்தியானம் அன்னக்கொடி அண்டாவின் அடியைச் சுரண்டிப் பார்த்தாள். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு முதலில் வடக்கே போனாள்.

"ரெண்டு குடம், சாரு. சொன்ன நாலு வாளியில பாதிகூட இல்ல. இப்ப அரிசி ஊறப்போட்டாத்தான் நாளைக்கு."

"எங்கள் தொட்டிதான், அம்மா. ஆனால் சீல் அவர்களுடையது. நான் உடைத்தால் நான் திருடன் ஆகிவிடுவேன். அவரைக் கேள்."

தெற்கே போனாள்.

"அண்ணே, ரெண்டு குடம்."

"எந் தங்கச்சிக்கு இல்லாததா. ஆனா அரக்கு வாத்தியாரோடதுத்தா. அவரு மோதிரம் போட்ட அரக்கு. தொட்டேன்னா ஒரு வாளியத் திருடிட்டான்னு ஊரெல்லாம் தண்டோராப் போடுவாரு. அவரக் கேட்டியா?"

"கேட்டேன். அவரு உங்களக் கேக்கச் சொன்னாரு."

"பாத்தியா, எம்புட்டுக் கெட்ட மனுசன்" என்றார் நல்லகாமன்.

அன்னக்கொடி குடத்தை மறு இடுப்புக்கு மாற்றினாள். "ரெண்டு பேரும் ஒரே வகுப்புல படிச்சீகளாண்ணே?" என்று கேட்டுவிட்டு, காலிக் குடத்தோடு திரும்பினாள். அன்று சாயங்காலம் ஆட்டுரல் சத்தம் கேட்கவில்லை. இடத்துக்காரர் அந்தப் பக்கமாக இரண்டு தடவை நடந்துபோனார். இரண்டாவது தடவை சைக்கிள்கடைக்காரன் கூட வந்தான்.

வெள்ளிக்கிழமை காலை இரண்டு தெருவும் அதிகாரியை வரவேற்கத் தயாராக நின்றன. வடக்கே ஒரு மாலை, தெற்கே அதைவிட ஒரு முழம் நீளமான மாலை. தெற்குத் தெருவில் பூரண கும்பமும் வைத்திருந்தார்கள்: கும்பம், மாவிலை, தேங்காய் எல்லாம் முறைப்படி. உள்ளே ஊற்றத் தண்ணீர் இல்லாததால் மணல் போட்டிருந்தார்கள்.

அதிகாரி வரவில்லை. அவர் கொட்டாம்பட்டிப் பக்கம் போயிருப்பதாக யாரோ சொன்னார்கள். அங்கேயும் அவரை இதேபோலத் தேடிக்கொண்டிருந்திருப்பார்கள். சரி, சாட்சிகள் முன்னால் நாமே திறப்போம் என்று முடிவாயிற்று. நல்லகாமன் சாணி முடிச்சைச் சோதித்தார்; அது உடையவில்லை. தனிஸ்லாஸ் சார் அரக்கில் தன் மோதிரக் குறியைப் பூதக்கண்ணாடியால் சோதித்தார், பழுதில்லை. இரண்டு மூடியும் ஒரே சமயத்தில் திறக்கப்பட்டன.

வட்டத் தொட்டியில் ஈரம் இருந்தது. சதுரத் தொட்டியின் மூலையில் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அந்த வகையில் நல்லகாமன் சொன்னது சரிதான். இரண்டுக்கும் அடியில், கொத்தனார் சிமெண்டை மிச்சம் பிடித்த இடத்தில், ஒரே மாதிரி மயிரிழை விரிசல் ஓடியிருந்தது. வெளியே, தொட்டிகளைச் சுற்றி மட்டும் எருக்கஞ்செடிகள் தளதளவென்று நின்றன.

"இது இவன் வேலை" என்றார்கள் இரண்டு தலைவர்களும், ஒரே குரலில், ஒருவரையொருவர் காட்டி. பிறகு நடந்த பேச்சை எழுதினால் அச்சுக்கூடத்தார் போடமாட்டார்கள். மாலைகள் இரண்டும் கிழிந்தன. மரியாதைத் துண்டும் கீழே விழுந்தது. கும்பம் கவிழ்ந்து மணல் கொட்டியது.

அந்தச் சமயத்தில் லாரி வந்தது.

சண்டை நின்றது. தனிஸ்லாஸ் சார் ஓடிப்போய் வண்டியின் இடது பக்கம் நின்றார். நல்லகாமன் வலது பக்கம் நின்றார். சுருளி எஞ்சினை அணைக்காமல், தலையை நீட்டி இட்லிக் கடையைப் பார்த்தான். ஓலைத் தட்டி சாத்தியிருந்தது. வாசலில் இட்லிக் கொப்பரையும் அண்டாவும் தட்டுகளும் சாக்கில் கட்டி வைத்திருந்தன. தகர வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் அன்னக்கொடி உட்கார்ந்திருந்தாள். சைக்கிள்கடைக்காரன் உள்ளே ஆணி அடித்துக்கொண்டிருந்தான்.

"ஏக்கா, இட்லி?"

"தண்ணி இருந்தாத்தானப்பா இட்லி. நீ கொண்டாந்த தண்ணிய இவுக அளந்துட்டாக."

"அப்ப எனக்கு?"

"உனக்கு எண்ணிக்கை வேணும்னா இருக்கு. லாபம், ரெண்டு, மூணு."

சுருளி கொஞ்சம் யோசித்தான். "விராட்டிபத்து முக்குல ஒரு வேப்பமரத்தடி கெடக்கு. அங்க ஒரு பயலும் சட்னி ஒழுங்கா அரைக்கிறதில்ல. ஏறு."

அவன் கிளீனர் இறங்கி அண்டாவை ஏற்றினான். கொப்பரையை ஏற்றினான். அன்னக்கொடி கடைசியாக வாளியை எடுத்துக்கொண்டு ஏறினாள். நல்லகாமன் லாரிக் கதவைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, எங்க தொட்டிய வந்து ஒரு பார்வை பாரு. விரிசல இன்னைக்கே பூசிருவோம். உத்தரவு என்னன்னா, எந்தத் தொட்டி பெருசோ அங்கதான் லாரி நிக்கணும்."

"என்ன உத்தரவு? எங்கிட்ட யாரும் சொல்லலியேண்ணே" என்றான் சுருளி. "எனக்குத் தொட்டியெல்லாம் தெரியாது. காலைல சாப்பிடுற எடத்துல வண்டிய நிப்பாட்டுவேன், அம்புட்டுத்தான்."

தனிஸ்லாஸ் சார் "ஆகவே?" என்றார். பழக்க தோஷம்.

வண்டி நகர்ந்தது. அன்னக்கொடியின் மடியில் இருந்த வாளியின் அடி ஓட்டை வழியாகப் பார்த்தால் பின்னால் போகிற தெரு தெரிந்திருக்கும். அவள் பார்க்கவில்லை.

லாரி இப்போது விராட்டிபத்து முக்கில் நிற்கிறது. அங்கே தொட்டி கிடையாது.